அவர் கேட்க வேண்டிய ஏலம்

பாண்டிச்சேரி டாக்டர் கேள்வியை என் கணவரைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் சொன்னது நான்.

"செஞ்சிடலாம் டாக்டர். தேதி குடுங்க."

அவருக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வலது கையும் காலும் பாதிக்கு மேல் தேறிவிட்டன. பேச்சும் வந்துவிட்டது. ஆனால் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நாம் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காரலாம், அவ்வளவு இடைவெளி. மூளைக்குப் போகும் கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறது, அறுவை செய்து எடுக்கலாம் என்றார் டாக்டர். எடுத்தால் அடுத்த தாக்குதலைத் தடுக்க வாய்ப்பு உண்டு. எடுக்கப் போன இடத்திலேயே ஏதாவது ஆகிவிடவும் வாய்ப்பு உண்டு, ஏனென்றால் இவருக்கு இதயமும் பலவீனம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் சார் என்று கேட்டுவிட்டு டாக்டர் பேனாவை மூடி வைத்தார். அவருக்குப் பொறுமை இருந்தது. எனக்கு இல்லை. என் கணவரின் உதடு அசைந்தது. அந்த அசைவு சொல்லாகும்வரை உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

தை பிறந்து இரண்டாவது வாரத்தில் தேதி கொடுத்தார்கள். திரும்பி வரும்போது விழுப்புரத்திலிருந்து உளுந்தூர்பேட்டை வரைக்கும் அவர் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு முடிவு எடுத்தாகிவிட்டது, அந்த நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன். எடுத்தது நானாயிற்றே, நிம்மதி அவருக்கு எப்படி வரும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

நான் கணக்கு டீச்சர். கள்ளக்குறிச்சியில் பெண்கள் பள்ளியில் இருபத்தொன்பது வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவள். கேள்வி முடிவதற்குள் விடை சொல்லிவிடும் பிள்ளைகளை "முந்திரிக்கொட்டை, கொஞ்சம் உக்காரு" என்று அதட்டியே காலத்தை ஓட்டினேன். வீட்டில் அந்தப் பட்டம் எனக்குத்தான். கொடுத்தவர் என் கணவர். அவர் சர்க்கரை ஆலையில் கெமிஸ்ட். வடக்கனந்தல் பக்கத்து விவசாயக் குடும்பம். ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் அதை எடை போட்டு, திருப்பிப் பார்த்து, பெரும்பாலும் உள்ளேயே வைத்துக்கொள்ளும் மனிதர். எதிர்மாறான இரண்டு பேரை எங்கள் பெரியவர்கள் நன்றாகத்தான் பொருத்தினார்கள்.

எங்களுக்குள் ஒத்துப்போன ஒரே இடம் சீட்டாட்ட மேஜை. ஊரில் சீட்டு என்றாலே ரம்மி, காசு, போலீஸ் என்றுதான் நினைப்பார்கள். நாங்கள் ஆடியது பிரிட்ஜ். ஆலைக் குடியிருப்பில் வெளியூர் அதிகாரிகள் சிலர் கொண்டுவந்த ஆட்டம் அது. நான்கு பேர் வேண்டும். நாலாவது ஆள் மாற்றலாகிப் போய்விட்டதால், பஜ்ஜித் தட்டோடு உள்ளே வந்த என்னை உட்காரவைத்தார்கள். சும்மா ஒரு வாரத்துக்கு என்றார்கள். முப்பத்திரண்டு வருஷம் ஆடினேன்.

தெரியாதவர்களுக்காக அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. எதிரெதிரே உட்காருபவர்கள் ஒரு ஜோடி. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஏலம் நடக்கும்: இதயம் போட்ட ஆட்டின், இஸ்பேட், டைமன், கிளாவர் என்ற நான்கு சாதியில் எது துருப்பு, எத்தனை பிடி எடுக்கிறேன் என்று வாக்குக் கொடுப்பது. அதைத்தான் கேட்பது என்போம். நான்கு பேரும் ஆளுக்கொரு சீட்டு போடும் ஒரு சுற்று ஒரு பிடி; கேட்கும் எண்ணோடு ஆறைக் கூட்டினால் எடுக்க வேண்டிய பிடி, அதாவது நாலு கேட்டால் பத்து. கையில் என்ன இருக்கிறது என்று ஜோடிக்காரரிடம் சொல்லக் கூடாது, முகத்தில் காட்டக் கூடாது, கண்ணால் ஜாடை செய்யக் கூடாது. "ஒரு ஆட்டின்" என்றால் கையில் குறைந்தது ஐந்து ஆட்டின் இருக்கிறது, நல்ல கை என்று அர்த்தம். "பாஸ்" என்றால் இல்லை என்று அர்த்தம். அந்தப் பத்துப் பதினைந்து சொற்களை வைத்துக்கொண்டு இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தங்கள் கையை விளக்க வேண்டும்.

ஏஸுக்கு நான்கு, ராஜாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு, ஜாக்கிக்கு ஒன்று என்று புள்ளி போட்டுக் கூட்டுவோம். அந்தக் கூட்டல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே வரும். கூட்டியதற்கு மேல் ஒன்றும் சேர்க்காமல், ஒன்றும் ஒளிக்காமல் கேட்பது கஷ்டம். எதிரே இருப்பவர் கேட்டதை நம்புவது அதைவிடக் கஷ்டம். ஆரம்பத்தில் நான் ஆசைக்குக் கேட்டுவிட்டு அகப்பட்டுக்கொண்டு முழிப்பேன். தவளை தன் வாயால் கெடும் என்பது எனக்கென்றே சொன்னது. அவர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "நீ கேக்கறத வச்சுதான் நான் கேக்கறேன்" என்பார். ஒரே வாக்கியம். மெல்ல மெல்லத் திருந்தினேன். ஐந்தாறு வருஷத்தில், அவர் ஏலத்தைக் கேட்டால் அவர் கையில் இருப்பதை முக்கால்வாசி என்னால் சொல்லிவிட முடியும் என்ற நிலைமை வந்தது. அவருக்கும் அப்படித்தான். வீட்டில் நாங்கள் அவ்வளவு நேர்மையாகப் பேசிக்கொண்டோமா என்றால், இல்லை.

ஆலை அதிகாரிகள் ஓய்வு பெற்று அவரவர் ஊருக்குப் போன பிறகு, ஊரிலேயே இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர். மற்றவர் அவருடைய மைத்துனர், விதைக்கடை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மாட்டு டாக்டர் வீட்டு மாடியில் ஆட்டம். அவர்கள் இரண்டு பேரும் ஒரு ஜோடி, நாங்கள் ஒரு ஜோடி.

பக்கவாதம் வந்தது ஆவணியில். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். வலது கையால் பதின்மூன்று சீட்டையும் விரித்துப் பிடிக்க முடியாது என்று விதைக்கடைக்காரர் ஒரு மரச்சட்டத்தில் தச்சரிடம் பள்ளம் வெட்டி வாங்கி வைத்திருந்தார். சீட்டுகளை அதில் செருகி நிறுத்தி, இடது கையால் எடுத்து ஆட வேண்டியது. நான்கு பேரும் மறுபடி சேர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டாவது ஆட்டத்தில் அவர் ஏலம் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு ஆடினாலும் ஜெயிக்கிற கை. ஆனால் எந்தச் சீட்டு போய்விட்டது, எது இன்னும் வெளியே இருக்கிறது என்ற கணக்கு அவருக்கு நடுவில் கழன்றுவிட்டது. போய்விட்ட ராஜாவுக்குப் பயந்து ராணியை விடாமல் வைத்திருந்தார். இரண்டு பிடி குறைந்து தோற்றார். ஆலையில் எல்லாரும் அவரிடம் வந்து, போன ஆட்டத்தில் டைமன் எட்டை யார் போட்டது என்று கேட்டுத் தீர்த்துக்கொண்ட காலம் உண்டு. அந்த மனிதரைப் பார்த்து விதைக்கடைக்காரர், "பரவால்லைங்க சார், போவ போவ சரியாயிடும்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். என் கணவரின் காது சிவந்துபோனது. எனக்கு விதைக்கடைக்காரர் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

அந்தக் கோபத்தில் நான் ஒரு முடிவு எடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பிரிட்ஜில் ஒரு வசதி உண்டு. ஏலத்தில் ஜெயித்த சாதியை ஒரு ஜோடியில் யார் முதலில் கேட்டாரோ அவர்தான் ஆட வேண்டும். அவருடைய ஜோடிக்காரர் தன் சீட்டை எல்லாம் மேஜைமேல் விரித்து வைத்துவிட்டுச் சும்மா உட்காரலாம். அவர் பெயர் டம்மி. எந்தச் சீட்டு எப்போது என்பதை ஆடுபவர் சொல்வார், டம்மி எடுத்துப் போட்டால் போதும். டம்மி பேசக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது. டம்மியாக இருப்பவர் தப்பு செய்யவே முடியாது. ஆகவே என் கணவரை எப்போதும் டம்மியாக வைத்துவிட்டால் அவர் காது இனிமேல் சிவக்காது என்று கணக்குப் போட்டேன்.

அவர் ஆட்டின் கேட்டால், என் கையில் ஆட்டின் இருந்தாலும் இல்லாததுபோல நான் வேறு சாதி கேட்பேன். அவர் இஸ்பேட் என்றால் நான் துருப்பே வேண்டாம் என்று நோ டிரம்ப்புக்குத் தாவுவேன். அவர் நோ டிரம்ப் கேட்டால் நான் என்னுடைய சாதியில் பிடித்துக்கொள்வேன். சில நாள் என் தில்லுமுல்லு பலித்தது, பல நாள் தோற்றோம். தோற்றால் தோற்றது நான்தானே. "டீச்சருக்கு இப்ப கை துறுதுறுங்குது" என்று மாட்டு டாக்டர் கேலி செய்தார். சிரித்து மழுப்பினேன். நாலு பேர் முன்னால் கெட்ட ஏலம் கேட்பவள் என்று பெயர் எடுப்பதை ஒரு தியாகமாக வேறு நினைத்துக்கொண்டேன்.

மேஜையில் பழகியது வீட்டுக்கும் வந்துவிட்டது. யாராவது போனில் அவரை நலம் விசாரித்தால், நான் வாங்கி, "நல்லா இருக்காரு, நடக்கறாரு, சாப்பாடெல்லாம் சரியா சாப்பிடறாரு" என்று முடித்துவிடுவேன். ஓட்டலில் அவருக்கும் சேர்த்து நானே சொல்வேன். காய்காரம்மா, "இன்னா சார், கால் தேவலையா?" என்று கேட்டால் அவர் படியிறங்குவதற்குள் நான் பதில் சொல்லிவிடுவேன். அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம், "முன்ன இருந்ததவிட மோசமா இருக்கும்மா" என்று நானே புகார் சொன்னேன். வாயைப் பொத்தி வைத்துவிட்டு, சத்தம் வரவில்லையே என்று அங்கலாய்த்தவள் நான். பாண்டிச்சேரி டாக்டரின் அறையில் நடந்ததும் இதேதான்.

மார்கழியில், அரையாண்டு விடுமுறைக் கூட்டம் வருவதற்கு முன்னால், கல்வராயன் மலைக்குப் போய் ஒருநாள் முழுக்க ஆடுவது எங்கள் வழக்கம். கரியாலூர் பக்கம் மாட்டு டாக்டருக்குத் தெரிந்தவர் வீடு ஒன்று பூட்டிக் கிடக்கும், சாவி வாங்கிக்கொள்வோம். அந்த வருஷம் போக வேண்டாம் என்றேன். அறுவைக்கு ஒரு மாதம்தான் இருந்தது, மலைக்குளிர் ஆகுமா என்று பயம். அவர் ஸ்வெட்டரை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். சரி என்று கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைச் சுற்றிக்கொண்டு, வளைவு வளைவாக ஏறினோம். கரும்பு வண்டி தொல்லை கீழேயே முடிந்துவிட்டது. மேலே சாமை அறுத்த காடுகள் வெறுமையாகக் கிடந்தன.

பத்து மணிக்கு உட்கார்ந்தோம். காலை முழுக்க அவரை நான் டம்மியாகவே வைத்திருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, மூடுபனி இறங்கி வாசல் மரமே தெரியாமல் போன நேரத்தில், அவர் ஏலத்தைத் தொடங்கினார்.

"ஒரு ஆட்டின்."

என் கையில் ராஜாவோடு சேர்த்து நான்கு ஆட்டின். பதினொரு புள்ளி. ஆட ஆரம்பித்து ஒரு மாதம் ஆன ஆளும் இந்தக் கைக்கு ஆட்டின்தான் கேட்பார். நான் "மூணு நோ டிரம்ப்" என்றேன்.

அவர் சட்டத்தில் நின்ற சீட்டுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நாலு ஆட்டின்" என்றார். அதாவது: என் கையில் ஆட்டின் ஏராளம், நான் ஆடுகிறேன், என்னை விடு. இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் பிரிட்ஜில் கேட்க முடியாது. எனக்குப் புரிந்தது. புரிந்தும், பத்துப் பிடிக்கு இவர் எப்படிக் கணக்கு வைப்பார், காலையிலிருந்து களைத்திருக்கிறாரே என்று மனசு அடித்துக்கொண்டது. என் கையில் கிளாவர் ஐந்து இருந்தது, பெரிய சீட்டு ஒன்றும் இல்லாத நோஞ்சான் ஐந்து.

"அஞ்சு கிளாவர்" என்றேன்.

எல்லாரும் பாஸ். என் கணவர் சீட்டுகளைச் சட்டத்திலிருந்து இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார். ஆட்டின் ஏஸ், ராணி, ஜாக்கி, அதற்குக் கீழே இன்னும் மூன்று. ஆறு ஆட்டின். கிளாவர் ஒன்றே ஒன்று. ஆடத் தொடங்கி நான் முதல் ஆட்டினை இறக்கியதுமே மாட்டு டாக்டர் கையில் ஆட்டின் இல்லாமல் துருப்பால் வெட்டினார். நான்கு பிடி குறைந்து விழுந்தேன். முடிந்தபோது என் நான்கு ஆட்டினும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டன. எங்கள் இருவரிடமும் சேர்த்துப் பத்து ஆட்டின். நாலு ஆட்டின் என்பது சும்மா கூட்டிப் பெருக்கிக்கொண்டு போகிற ஆட்டம்.

"டீச்சர், உங்க கையில ஆட்டின் நாலு இருந்துதா?" என்றார் விதைக்கடைக்காரர். மாட்டு டாக்டர் அவர் முழங்கையைத் தொட்டு, "வா மச்சான், டீ போட்டுகினு வரலாம்" என்று அழைத்துக்கொண்டு உள்ளே போனார்.

நாங்கள் இருவர் மட்டும் மேஜையில். என் கணவர் பேச ஆரம்பித்தார். எவ்வளவு நேரம் பிடித்தது என்று எனக்குத் தெரியாது. நடுவில் இரண்டு முறை சொல் கிடைக்காமல் நிறுத்தினார். வழக்கம்போல அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்க என் வாய் திறந்தது. அவர் இடது கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"ராஜாவ வச்சிகினு... இல்லன்னு சொல்ற" என்றார். "ரெண்டு மாசமா... தெரியும். ஒவ்வொரு ஏலமும் பொய்யி. முப்பது வருஷம் என்கிட்ட... நீ பொய் கேட்டதே இல்ல."

"நீங்க தோக்கக்கூடாதுன்னுதாங்க" என்றேன். எனக்கே அது காதில் அசிங்கமாக விழுந்தது.

"தோத்தா இன்னா?" அவர் குரல் உடைந்தது. கோபத்தில் உடைந்ததா அழுகையிலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. "ஆஸ்பத்திரியில... டாக்டர் என்னிய கேட்டாரு. என்னிய. நீ சொன்ன. கழுத்து... என்னுது."

எனக்கு அழுகை வரவில்லை. வெட்கம் வந்தது. கரும்பலகையில் தப்பாகப் போட்ட கணக்கை ஒரு பிள்ளை எழுந்து சுட்டிக்காட்டும்போது வரும் வெட்கம். ஆனால் அதை அழித்துவிட்டு வேறு போடலாம். இவருடைய காது சிவக்கக் கூடாது என்று நான் செய்ததில் பாதி எனக்காகத்தான் செய்தது. அவர் தடுமாறுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. அதற்கு அன்பு என்று பெயர் வைத்திருந்தேன்.

டீ வந்தது. மாட்டு டாக்டர் சீட்டைக் கலைத்துப் போட்டார்.

அடுத்தும் நல்ல கை எங்களுக்குத்தான் வந்தது. அவர் "ஒரு இஸ்பேட்" என்றார். என்னிடம் மூன்று இஸ்பேட், ராணியோடு. "மூணு இஸ்பேட்" என்றேன், இருப்பதை அப்படியே. அவர் நாலுக்குப் போனார். நான் பாஸ் சொன்னேன். சீட்டை விரித்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு டம்மியாக உட்கார்ந்தேன். முப்பத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ முறை டம்மியாக இருந்திருக்கிறேன். எழுந்து போய்ச் சமையலறையைப் பார்ப்பேன், யாருக்காவது போன் பேசுவேன். அன்றைக்கு அசையவில்லை.

அவர் மெதுவாக ஆடினார். ஒவ்வொரு சீட்டுக்கும் முன்னால் உதட்டை அசைத்து எண்ணினார். எட்டுப் பிடி வந்தது. ஒன்பது வந்தது. கடைசியில் டைமன் ஒன்பதை எடுத்தார். டைமனில் பத்து இன்னும் வெளியே இருந்தது. எனக்குத் தெரியும், விதைக்கடைக்காரரிடம் அது இருந்தது. என் கணவர் மறந்துவிட்டார். வேறொரு வழியில் போயிருந்தால் பத்தாவது பிடி வந்திருக்கும். வாய்வரை வந்த சொல்லைப் பல்லைக் கடித்து நிறுத்தினேன். ஒன்பது விழுந்தது, பத்து அதை வெட்டியது. ஒரே ஒரு பிடியில் தோற்றார்.

விதைக்கடைக்காரர் எப்போதும்போல ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். என் கணவர் முந்திக்கொண்டார்.

"பத்த மறந்துட்டேன்" என்றார். ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது அந்த வாக்கியம். பிறகு சிரித்தார். ஆவணிக்குப் பிறகு அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "போடுங்க" என்றார், சீட்டை விதைக்கடைக்காரர் பக்கம் தள்ளிவிட்டு.

மறுநாள் காலையில் வீட்டில் காபி குடிக்கும்போது நானே கேட்டேன். ஆபரேஷனைப் பற்றி என்ன நினைக்கிறீங்க என்று கேட்டுவிட்டு, டம்ளரைக் கீழே வைத்து, வாயை மூடிக்கொண்டேன். காபி ஆறியது. தெருவில் தண்ணீர் வண்டி வந்து நின்று, எல்லாரும் பிடித்து முடித்து, வண்டி போய்விட்டது. வேண்டாம் என்றார். காரணமும் சொன்னார். அங்கே படுத்து எழுந்திருக்கவில்லை என்றால் இப்போது இருப்பதும் போய்விடும், இப்போது இருப்பது எனக்குப் போதும், இதை வைத்துக்கொண்டு ஆடுகிறேன் என்பது அவர் சொன்னதன் சாரம். நான் சண்டை போட்டேன். விட்டுக்கொடுத்த உத்தமி என்று யாரும் என்னை நினைக்க வேண்டாம். அன்றைக்கும் மறுநாளும் என் பக்கத்து நியாயத்தை எல்லாம் எடுத்து வைத்தேன். ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டார். மூன்றாம் நாளும் வேண்டாம் என்றார். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு அவரிடம் கொடுத்தேன். எதிர்முனையில் இருந்த பெண் இரண்டு முறை "ஹலோ, லைன்ல இருக்கீங்களா" என்றாள். இருந்தார். சொல்லி முடித்தார்.

அதற்குப் பிறகு பதின்மூன்று மாதம். தையில் ஒரு காலை, குளித்துவிட்டு வந்து துண்டைக் கொடியில் போடக் கையைத் தூக்கியவர் அப்படியே சாய்ந்தார். டாக்டர் பயந்த அதே தாக்குதல்தான்.

பெங்களூரிலிருந்து வந்த மகன் காரியமெல்லாம் முடிந்த பிறகு என்னிடம் கேட்டான். "நீ ஏம்மா வுட்ட? நீ சொன்னா கேட்டிருப்பாரே." அவன் சொன்னதில் பொய் இல்லை. நான் விடாப்பிடியாக நின்றிருந்தால் கேட்டிருப்பார். ஒரு ஏலம் சரியா தப்பா என்பதை ஆட்டம் முடிந்து எல்லார் சீட்டும் தெரிந்த பிறகு தீர்மானிக்கக் கூடாது, கேட்ட நேரத்தில் கையில் இருந்ததை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்று பிரிட்ஜ் ஆடுபவர்கள் சொல்வார்கள். அப்பாவை இழந்த பிள்ளையிடம் அதைச் சொல்ல முடியுமா? எனக்கே அது பல நாள் போதவில்லை. அறுவை செய்திருக்கலாம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் மேல் கோபம் இருக்கிறது. அவர் முடிவு அது, என்று மட்டும் மகனிடம் சொன்னேன்.

இன்னொன்று அவனிடம் சொல்லவில்லை. எங்களுக்கு அவனுக்கு முன்னால் ஒரு பெண் பிறந்து, பிறந்த அன்றே போய்விட்டாள். நான் மயக்கத்தில் இருந்தேன், கண் விழிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கப் போன ஒவ்வொரு முறையும், "அத வுடுங்க, போனது போச்சு" என்று நான் வெட்டிவிட்டேன். முப்பத்தாறு வருஷம் அப்படியே ஓடியது. அந்தப் பதின்மூன்று மாதத்தில், ஆடி மாதம் ஒரு மத்தியானம், முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது அவர் எதிரே வந்து உட்கார்ந்து ஆரம்பித்தார். நான் கீரையைக் கீழே வைத்தேன். நர்ஸ் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தாளாம். சூடாக இருந்ததாம். ரிஷிவந்தியத்திலிருந்து அவருடைய பெரியப்பா வரும்வரை, முக்கால் மணி நேரம், கீழே வைக்காமல் வைத்திருந்தாராம். இதைச் சொல்ல அவருக்குக் கிட்டத்தட்ட அதே முக்கால் மணி ஆனது. நான் ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்கவில்லை. கடைசியில் வெகுநேரம் உதடு மட்டும் அசைந்தது. அழுகிறார் என்று நினைத்தேன். சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நெத்தி" என்றார். "உன்னுது மாரியே."